பிள்ளையின் பக்கத்தில் ஒரு நாற்காலி

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் டோபி காட், கிளார்க் கீ, அடுத்தது சைனாடவுன். இறங்கிச் சற்று நடந்தால் ஹேவ்லாக் ஸ்குவேர். அரசு நீதிமன்றங்களின் 35 மாடிக் கட்டடம் அங்கேதான் நிற்கிறது. குடும்ப நீதிமன்றங்களும் அதே வட்டாரத்தில்தான். தேக்காவுக்குக் காய்கறி வாங்க வரும் நம் குடும்பங்களுக்கு அது மூன்றே நிலையத் தூரம். ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் அதற்குள் கால் வைத்ததில்லை. "கோர்ட்டு வாசப்படி மிதிக்காத குடும்பம்" என்று பெண் பார்க்கும்போதுகூடப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தப் பெருமை சில பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. அடிபட்ட பிள்ளை, பட்டினி போடப்பட்ட பிள்ளை, தொடக்கூடாத கைகள் தொட்ட பிள்ளை அந்த வாசப்படியை மிதித்தே ஆகவேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதில், பத்து வயதில், சில நேரம் அதற்கும் முன்னால். அங்கே அந்தப் பிள்ளையின் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வேலைக்காலம் முழுவதும் தொடக்கப்பள்ளிகளில் கழிந்தது. ரோவல் ரோட்டில் குடியிருக்கிறேன். பிறந்தது 1966இல், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். அந்த ஒரே ஆண்டில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தார்கள். கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. இப்போது புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குத் தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போய்விடலாம். காயத்தோடு வரும் பிள்ளையைப் பார்த்து, இது தானாக விழுந்ததா, யாராவது செய்ததா என்று கண்டறியும் மருத்துவர்களும் மருத்துவச் சமூக ஊழியர்களும் அங்கே இருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றனவோ, அதே பக்கத்தில்தான் இந்தத் துயரமும் இருக்கிறது.

சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1952இல் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கத்தின் தொண்டூழியர்கள், குற்றவியல் வழக்குகளில் சாட்சி சொல்ல வரும் பிள்ளைகளுக்கும் அறிவுத்திறன் குறைந்தவர்களுக்கும் துணையாக நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. பள்ளியில் ஆலோசகராக இருந்த தோழி ஒருவர், "தமிழ் பேசத் தெரிஞ்சவங்க வேணும், வர்றீங்களா?" என்று கேட்டார். போனேன்.

எந்த வழக்கைப் பற்றியும் இங்கே எழுத மாட்டேன். பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் சொல்ல மாட்டேன். இது சின்ன ஊர். நம் சமூகம் அதைவிடச் சின்னது. ஒரு பிள்ளையின் வயதையும் பேட்டையையும் சொன்னால் போதும், யாராவது ஒருவர் "ஓ, அந்த வீடா?" என்று கேட்டுவிடுவார். ஆகவே கீழே சொல்வதெல்லாம் பல பிள்ளைகளுக்கும் பொதுவாக நடப்பவை.

விசாரணைக்கு முன்பே ஒருநாள் பிள்ளையை நீதிமன்ற அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவோம். அறை காலியாக இருக்கும். நீதிபதி உட்காரும் இடம் இது, மொழிபெயர்ப்பாளர் இங்கே நிற்பார், அரசுத்தரப்பு வழக்கறிஞர் இங்கே, அவர் அங்கே. "அவர்" என்று மட்டும் சொன்னால் போதும், யாரென்று பிள்ளைக்குத் தெரியும். பெரும்பாலான பிள்ளைகள் கேட்பது ஒன்றைத்தான்: "அவர் என்னைப் பார்ப்பாரா?" பார்க்காமல் இருக்க வழி உண்டு. வேறோர் அறையில் உட்கார்ந்து காணொளி இணைப்பு வழியாகப் பிள்ளை சாட்சி சொல்லலாம். நடுவே திரை வைக்கவும் முடியும். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரைக் காக்கும் ஏற்பாடுகளை 2018இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தம் இன்னும் பலப்படுத்தியது. எந்த ஏற்பாடு கிடைக்கும் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் இப்படியெல்லாம் ஏற்பாடுகள் இருக்கின்றன என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளையைக் கூண்டில் ஏற்றி, எதிரில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்று சினிமாவில் பார்த்ததை நம்பி, புகார் கொடுக்கவே பயப்படுகிறார்கள்.

விசாரணை நாளில் என் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பது. ஒன்பதரைக்கு வரச் சொல்வார்கள். பிள்ளையின் முறை பிற்பகலில் வரும். சில நாள் வராமலே போகும். வண்ணப் பென்சில், ஊனோ சீட்டுக்கட்டு, ஒரு சுவெட்டர் எடுத்துப்போவேன், அங்கே குளிர் அதிகம். சாப்பிட்டாயா என்று கேட்பேன். பிள்ளை பேசினால் பேசுவேன். பேசாவிட்டால் சும்மா இருப்பேன். வகுப்பறையில் முப்பது பிள்ளைகளைப் பேசவைத்தே பழகிய எனக்கு, ஒரு பிள்ளையோடு பேசாமல் இருக்கப் பழகுவதற்குத்தான் நாளாயிற்று.

சாட்சி சொல்லும்போது பக்கத்தில் உட்காருவேன். அங்கே எனக்கு வாயே கிடையாது. பிள்ளை தடுமாறினால் எடுத்துக்கொடுக்கக் கூடாது. தலையாட்டக் கூடாது. நடந்ததைப் பற்றி முன்னும் பேசக் கூடாது, பின்னும் பேசக் கூடாது. அழுதுவிட்டு வெளியே வரும் பிள்ளையிடம் "நல்லாச் சொன்னே" என்றுகூடச் சொல்ல முடியாது. சொன்னால் சாட்சியத்தைப் பற்றிக் கருத்துச் சொன்னதாகிவிடும், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், கடைசியில் கேடு பிள்ளைக்குத்தான். "தண்ணி வேணுமா?" என்று கேட்கலாம். டிஷ்யூ கொடுக்கலாம். ஓய்வு வேண்டும் என்று பிள்ளை கேட்கலாம் என்பதை முன்னமே சொல்லிவைக்கலாம். "தெரியாது", "ஞாபகம் இல்லை", "கேள்வி புரியவில்லை" என்று சொல்வது தப்பில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம். பள்ளியில் பதில் தெரியாவிட்டால் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் சொல்லத் துணிவு வருவது லேசில்லை.

இவ்வளவுதானா, இதற்கு எதற்கு ஓர் ஆள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அறையில் இருக்கும் மற்றவர்களை எண்ணிப் பாருங்கள். அரசுத்தரப்பு வழக்கறிஞருக்கு நிரூபிக்க ஒரு வழக்கு இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் காப்பாற்ற ஒருவர் இருக்கிறார். காவல் அதிகாரி தம் விசாரணைக்காக வந்திருக்கிறார். நீதிபதி நடுநிலையில் இருந்தாக வேண்டும். அம்மாவே சாட்சியாக இருக்கலாம். அப்படியென்றால் அவர் பிள்ளையோடு உள்ளே வரவே முடியாது. வெளியே தாழ்வாரத்தில் அத்தை, சித்தப்பா, பாட்டி என்று ஒரு குடும்பமே நிற்கும், அதில் பாதிப்பேர் அந்தப் பக்கம். வழக்கு எப்படி முடிந்தாலும் அதில் ஆதாயமோ நட்டமோ இல்லாத ஒரே பெரியவர் அந்தத் தொண்டூழியர்தான். பிள்ளைக்கு அது எப்படியோ புரிந்துவிடுகிறது. நான் எதையும் எதிர்பார்த்து வரவில்லை என்று தெரிந்ததும் தோள் கொஞ்சம் தளர்கிறது.

தமிழ் பேசும் தொண்டூழியர் எதற்கு? நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டிலேயே ஆங்கிலம்தானே பேசுகிறார்கள் என்று கேட்கலாம். நீதிமன்றத்தில் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். சாட்சியத்துக்கு அது போதும்தான். காத்திருக்கும் நேரத்துக்குப் போதாது. பாட்டி அழுதுகொண்டே பேத்தியின் காதில் சொல்வது தமிழில் இருக்கும். கைப்பேசியில் வரும் குரல் பதிவு தமிழில் இருக்கும். "தாத்தா இந்த வயசுல ஜெயிலுக்குப் போகணுமா?" "அக்கா கல்யாணம் நின்னுடும்." "கேஸை வாபஸ் வாங்கிடு கண்ணு." இதைக் கேட்டு அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைக் கண்டுகொண்டு, உரிய அதிகாரியிடம் தெரிவிக்க அதே மொழி தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

"கேஸை வாபஸ் வாங்கிடு" என்பதைப் பற்றிக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குற்றவியல் வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு. பிள்ளை நினைத்தால் அதை வாபஸ் வாங்க முடியாது. வாபஸ் வாங்கச் சொல்லிப் பத்து வயதுப் பிள்ளையை நெருக்குவதால் வழக்கு நிற்கப் போவதில்லை. நடந்ததற்கும் நானே காரணம், இனி நடக்கப்போவதற்கும் நானே காரணம் என்ற எண்ணம்தான் அதன் மனத்தில் ஏறும். சாட்சியைக் கலைக்க முயல்வதே தனிக் குற்றம் என்பதையும் பாட்டிமார்கள், அத்தைமார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்போடு செய்தாலும் குற்றம்தான்.

இன்னொன்றும் உண்டு. நம் பிள்ளைகளின் நாட்காட்டி வேறு. "எந்த மாதம், எந்தத் தேதி?" என்று கேட்டால் விழிக்கும் பிள்ளை, "சிராங்கூன் ரோட்டுல தீபாவளி லைட் போட்டப்புறம், தீபாவளி வர்றதுக்கு முன்னாடி" என்று துல்லியமாகச் சொல்லும். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த வாரம் என்று சொல்லும். அதை நான் நீதிமன்றத்தில் விளக்கப் போவதில்லை, எனக்கு அந்த உரிமையும் இல்லை. ஆனால் சொன்னதைப் புரிந்துகொள்ளும் ஒரு முகம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை தொடர்ந்து பேசும்.

இதே சமூகத்தில் வாழ்வதால் வரும் சங்கடமும் இருக்கிறது. குடும்பம் எனக்குத் தெரிந்த குடும்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். வழக்கு முடிந்த பிறகு பெருமாள் கோயிலிலோ முஸ்தபாவிலோ அந்தப் பிள்ளையைப் பார்த்தால் நானாகப் போய்ப் பேச மாட்டேன். "இந்த ஆன்ட்டி யாரு?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? தானாகச் சிரித்தால் நானும் சிரிப்பேன். பார்க்காத மாதிரி போனால் அதுவும் நல்லதுதான், மறக்க விரும்புகிறது என்று பொருள்.

சந்தேக நபராகக் காவல்நிலையம் போகும் பிள்ளைக்கும் இப்போது துணை உண்டு. 2016 ஜனவரியில், காவல்துறை விசாரித்து அனுப்பிய 14 வயது மாணவர் ஒருவர் அன்றே உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. அதையடுத்து 2017இல் தொடங்கிய திட்டத்தின்படி, இளம் சந்தேக நபரை விசாரிக்கும்போது பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் உடன் இருப்பார். அதையும் சிறுவர் சங்கம்தான் நடத்துகிறது. அந்தத் தொண்டூழியரும் பிள்ளைக்காகப் பேசமாட்டார், சட்ட ஆலோசனை சொல்லமாட்டார். பிள்ளை பயந்திருக்கிறதா, கேள்வி புரிகிறதா என்று பார்த்துக்கொள்வார். அழைப்பு எந்த நேரத்திலும் வரலாம்.

ஆகச் சாட்சியாகப் போகும் பிள்ளைக்கு ஒருவர் உண்டு. சந்தேக நபராகப் போகும் பிள்ளைக்கும் ஒருவர் உண்டு. இனி எந்த வீட்டில் வளரப்போகிறோம் என்ற முடிவுக்காக நிற்கும் பிள்ளைக்கு?

பெற்றோரிடம் இருப்பது ஆபத்து என்று தெரிந்தால், சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் சிறுவர் பாதுகாப்புச் சேவை பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றும். முதலில் பாட்டி, பெரியம்மா போன்ற உறவினர் வீடு. அது ஒத்துவராவிட்டால் வளர்ப்புக் குடும்பம் அல்லது இல்லம். பராமரிப்பு, பாதுகாப்பு ஆணையை இளையர் நீதிமன்றம் பிறப்பிக்கும். 2020 ஜூலை முதல் 18 வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் அந்தப் பாதுகாப்பு பொருந்துகிறது. இளையர் நீதிமன்ற நீதிபதிக்குத் துணையாக, அதிபர் நியமிக்கும் ஆலோசகர் குழுவிலிருந்து இருவர் அமர்வதற்கும் சட்டத்தில் இடமுண்டு. அவர்களும் பொதுமக்களிலிருந்து வருபவர்கள்தாம். மணவிலக்கு வழக்கில் பெற்றோர் பிள்ளைக்காகக் கடுமையாக மோதிக்கொண்டால், பிள்ளையின் சார்பில் வழக்கறிஞர் ஒருவரைக் குடும்ப நீதிமன்றம் நியமிக்க முடியும். இவையெல்லாம் நல்லவை. ஆனால் பாதுகாப்பு வழக்கின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, ஆணை வந்த பிறகு இல்லத்திலும் வளர்ப்புக் குடும்பத்திலும் இருக்கும் காலத்திலும், மாறாமல் ஒரே ஆளாகக் கூடவே வரும் தொண்டூழியர் என்ற சட்டபூர்வமான ஏற்பாடு நம்மிடம் இல்லை. அது வேண்டும் என்பது என் கோரிக்கை.

மாறாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அமைச்சின் அதிகாரிகளைக் குறை சொல்ல வரவில்லை. ஒருவர் கையில் பல கோப்புகள். அவருக்கும் பதவி உயர்வு, இடமாற்றம், பிரசவ விடுப்பு வரும். இல்லத்தின் ஊழியர் மாறுவார். பள்ளி மாறும், ஆசிரியர் மாறுவார். ஒவ்வொரு புதியவரிடமும் பிள்ளை முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இப்படிப்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்கில் பார்த்தவள் நான். மூன்றாவது முறையோடு அவர்கள் சொல்வதை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் குறையை வேறு நாடுகள் முன்பே கண்டிருக்கின்றன. பிரிட்டனில் பிரைட்டன் நகரில் 1973 ஜனவரியில் மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். கைக்குழந்தையிலிருந்து அவளை வளர்த்தவர் அத்தை. நீதிமன்றம்தான் அவளைத் தாயிடம் திருப்பி அனுப்பியது. அவளுக்கு அங்கே போக விருப்பமில்லை. அதை நீதிமன்றத்தில் அவளுக்காக எடுத்துச் சொல்ல, எந்தத் தரப்பையும் சாராத ஒருவர் இல்லை. அந்த மரணத்தைப் பற்றிய விசாரணைக்குப் பிறகுதான், 1975ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக்கென்று தனிப் பிரதிநிதியை நியமிக்க வழி செய்தது. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டேவிட் சூகப் என்ற நீதிபதி, தம் முன் வரும் பிள்ளைகளைப் பற்றித் தமக்குப் போதிய தகவல் கிடைப்பதில்லை என்று தவித்து, 1977இல் பொதுமக்களிலிருந்து தொண்டூழியர்களைப் பயிற்றுவித்து ஒரு பிள்ளைக்கு ஒருவர் என்று நியமிக்கத் தொடங்கினார். அது நாடு முழுவதும் பரவிவிட்டது.

அந்த அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். அங்கே தொண்டூழியர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று நீதிபதிக்கே பரிந்துரை எழுதுகிறார். வசதியான பேட்டையிலிருந்து வருபவர், ஏழைக் குடும்பத்தின் சமையலறையைப் பார்த்து முகம் சுளித்து எழுதும் அறிக்கை ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடக்கூடும் என்று அங்கேயே பலர் கண்டித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம். வாடகை வீட்டின் ஒரே அறையில் ஆறு பேர் படுப்பது வறுமை. இரவு வேலைக்குப் போகும் அம்மா பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போவது வேறு வழியில்லாமை. இவற்றைக் கொடுமையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். எது நல்லது என்று சொல்லத் தகுதி பெற்ற அதிகாரிகளும் உளவியலாளர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். தொண்டூழியர் தம் கருத்தைச் சொல்ல வேண்டாம். பிள்ளையைத் தொடர்ந்து பார்த்து, அது சொல்வதைக் கேட்டு, சொன்னதை அதன் வார்த்தைகளிலேயே நீதிமன்றத்தில் சேர்த்தால் போதும். "தம்பியையும் என்னையும் ஒரே வீட்டுல விடுங்க." "சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகணும்." "அம்மாவைப் பார்க்கணும், ஆனா அவரு இருக்கிறப்ப வேணாம்." இவ்வளவுதான் பிள்ளைகள் கேட்பது.

நம் பூர்வீக நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் அதன் விதிகளும், புகார் முதல் தீர்ப்பு வரை பிள்ளைக்குத் துணைநபர் ஒருவர் இருக்க வழி செய்கின்றன. பல இடங்களில் அது ஏட்டளவில் நின்றுபோனதைக் கண்ட உச்ச நீதிமன்றம், துணைநபரைக் கட்டாயம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வழக்குகள் மலைபோல் குவிந்திருக்கும் நாட்டில் இதை எதிர்பார்க்க முடியுமென்றால், எல்லாம் முறையாக நடக்கும் நம் ஊரில் ஏன் முடியாது? பிள்ளையைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிற ஐநா உடன்பாட்டில் சிங்கப்பூர் 1995இலேயே சேர்ந்துவிட்டது.

எல்லாம் முறையாக நடக்கும் ஊரிலும் பிள்ளை தவறிப்போவதுண்டு. மேகன் என்ற நான்கு வயதுச் சிறுமியின் கதையை இந்த நாட்டில் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். 2019 மார்ச்சில் அவள் உடம்பில் இருந்த காயங்களைப் பாலர் பள்ளி ஆசிரியர்கள் பார்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அவள் இறந்தாள். இடையில் ஏறத்தாழ ஓராண்டு. பேத்தியைக் காணவில்லை என்று பாட்டி காவல்துறையிடமும் போயிருந்தார். 2025 அக்டோபர் 23ஆம் தேதி வெளியான மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, எந்தெந்த இடத்தில் எந்தெந்த அமைப்பு அடுத்த அடியை எடுக்கத் தவறியது என்று விவரமாகக் காட்டியது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. அக்கறை காட்டியவர்கள் பலர். ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. எல்லாத் துண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையை இன்று நேரில் பார்த்தவர் யார்?" என்று விடாமல் கேட்க ஒருவர் இல்லை. தொண்டூழியர் ஒருவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பார் என்று சொல்லத் துணிய மாட்டேன்; அவள் உயிரோடு இருந்தவரை பாதுகாப்பு வழக்கே நீதிமன்றம் வரை வரவில்லை. ஒரே பிள்ளையைத் தொடர்ந்து பார்க்கும் கண் எவ்வளவு முக்கியம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2020 முதல், ஒரே வீட்டில் இருந்துகொண்டு 14 வயதுக்குட்பட்ட பிள்ளையின் மரணத்தைத் தடுக்க நியாயமான முயற்சி எடுக்காமல் விட்டவருக்கும் 20 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். நான் அடிக்கவில்லை, அடித்தது அவர் என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டுக்குள் இருப்பவரிடம் சட்டம் இவ்வளவு எதிர்பார்க்கும்போது வெளியே இருக்கும் நாம் "அவங்க குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்வது எப்படிச் சரியாகும்?

தானம், தர்மம், தொண்டு எதற்கும் நம் சமூகம் பின்வாங்கியதில்லை. நாரிஸ் ரோட்டில் ராமகிருஷ்ண மிஷன் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்தியிருக்கிறது. போரில் பெற்றோரை இழந்த சிறுவர்களுக்குப் பார்ட்லி சாலையில் இல்லம் எழுப்பியிருக்கிறது. பியட்டி சாலையில் சிண்டா 1991 முதல் நம் மாணவர்களுக்காக உழைக்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தல் போட ஆள் குறைந்ததே இல்லை. தீபாவளிக்கு அன்பளிப்புப் பை சுமந்துகொண்டு முதியோர் வீட்டுப் படி ஏறும் இளையர்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. அந்தத் தொண்டுக்குக் கூட்டம் உண்டு, கூட்டாளிகள் உண்டு, முடிந்ததும் ஒரு குழுப்படம் உண்டு. நான் சொல்லும் தொண்டில் படம் கிடையாது. யாருக்குத் துணை போனேன் என்று கணவரிடம்கூடச் சொல்ல முடியாது. வழக்கு முடிந்ததும் நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள். பயிற்சி வகுப்பில் சுற்றிப் பார்த்தபோது தமிழ் முகங்களைத் தேட வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணமோ என்று நினைத்துக்கொள்வேன். மனமில்லை என்று நான் நம்பவில்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இன்னொரு தடை நேரம். நீதிமன்றம் வார நாளில், அலுவலக நேரத்தில் நடக்கும். விசாரணை தள்ளிப்போகும். ஆகவே என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களும் வீட்டில் இருப்பவர்களுமே பெரும்பாலும் வருகிறார்கள். மரம் நடவும் கடற்கரைக் குப்பை பொறுக்கவும் ஊழியர்களைக் கூட்டமாக அனுப்பும் நிறுவனங்கள், ஓர் ஊழியருக்கு ஆண்டில் சில நாள் இதற்கென்று சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கலாம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் போடப் படம் கிடைக்காது, அவ்வளவுதான். ஆண்களும் வர வேண்டும். ஓர் ஆண் குரல் உயர்த்தாமல் பேசுவதையே பார்த்திராத பையன்களுக்கு, பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாமா எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் பார்த்திருக்கிறேன்.

நீதிமன்றம் ஒத்துவராது என்று நினைப்பவர்கள் வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். அமைச்சின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டம் 1956 முதல் நடக்கிறது. சாம்பார் மணமும் சாமி விளக்கும் பழகிய பிள்ளைக்கு, அதே மணம் உள்ள வீடு கிடைத்தால் மாற்றத்தின் அதிர்ச்சி பாதியாவது குறையும்.

சேர நினைப்பவர்களுக்கு நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். நேர்காணல் உண்டு, பின்னணி சரிபார்ப்பு உண்டு, பயிற்சி உண்டு. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் தயங்க வேண்டாம், கேளுங்கள். உங்கள் வீட்டிலேயே சிறு வயதில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் நேர்காணலில் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்காக ஒதுக்க மாட்டார்கள், எந்த வழக்கைத் தரக்கூடாது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிள்ளை இப்போதே ஆபத்தில் இருப்பதாகச் சந்தேகம் இருந்தால் விண்ணப்பம், பயிற்சி என்று காத்திருக்காமல் தேசிய வன்முறை எதிர்ப்பு உதவி எண்ணான 1800-777-0000ஐ எந்நேரமும் அழையுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும். விண்ணப்பப் படிவத்தில் பேசும் மொழிகளைக் கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். தமிழையும் எழுதுங்கள், மலையாளம், தெலுங்கு, இந்தி தெரிந்தால் அவற்றையும்.